ஏட்டில் குறையும் புகை!

1928-ஆம் ஆண்டு, ஆகஸ்டுத் திங்கள் 27-ஆம் நாள். பாரீஸ் மாநகரிலே ஒரு பெரு மண்டபம். பதினைந்து நாடுகளின் பேராளர்கள் கூடி அமர்ந்திருக்கின்றனர். தங்கப் பேனா ஒன்று கைக்குக் கை மாறுகிறது. அந்தப் பேனா ஒப்பமிட்ட ஏட்டிலே காணப்படுவது யாது? இனிப் போரை நாட்டுக் கொள்கையின் கருவியாகக் கொள்ளமாட்டோம் என்னும் உறுதிமொழி! அமெரிக்க நாட்டுக் கெல்லாக்கும் பிரெஞ்சு நாட்டுப் பிரியாண்டும் பெற்று வளர்த்த பிள்ளை அந்த ஒப்பந்தம். ஜெர்மனி ஒப்பமிட்டது, இத்தாலி ஒப்பமிட்டது, ஜப்பானும் ஒப்பமிட்டது. ஏடுகள் வாழ்த்தின, எங்கும் வரவேற்பு எழுந்தது, கெல்லாக்குக்கு அமைதிக்கான நோபல் பரிசும் கிடைத்தது.

பிறகு? 1931-ல் மஞ்சூரியாவுக்குள் புகுந்தது ஜப்பான். 1935-ல் அபிசீனியாவின் மீது பாய்ந்தது இத்தாலி. 1939-ல் போலந்தைச் சூறையாடிற்று ஜெர்மனி. ஒப்பமிட்ட மை உலர்ந்து பதினோராண்டுதான் ஆகியிருந்தது. உலகம் இரத்தத்தில் நனைந்தது.

அந்த ஏட்டிலே சொல்லுக்குப் பஞ்சமில்லை. மீறினால் என்ன தண்டனை என்ற வரிதான் இல்லை. மீறியதை எவர் அளப்பர் என்ற வரியும் இல்லை. அளவும் இல்லை, அஞ்சத்தக்க விளைவும் இல்லை. வாக்கு மட்டும் இருந்தது. வாக்கு காற்றிலே பறந்தது!

இந்தப் பழங்கதையை இன்று கிளறுவானேன் என்று கேட்பீர்கள் தோழர்களே! காரணம் உண்டு. அதே பாரீஸின் புறநகரிலே, 2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 12-ஆம் நாள், உலக நாடுகள் ஏறத்தாழ அனைத்தும் மற்றோர் உறுதிமொழியை ஏற்றன. புவியின் வெப்பம், தொழிற்புரட்சிக்கு முற்பட்ட நிலையைக் காட்டிலும் 2 பாகைக்கு மேல் ஏறாமல் காப்போம், 1.5 பாகையோடு நிறுத்தவும் முயல்வோம் என்பது அதன் சாரம். அன்றும் கைதட்டல். அன்றும் ஆனந்தக் கண்ணீர். அந்த ஏட்டிலும், எவ்வளவு புகையைக் குறைப்பது என்பதை அந்தந்த நாடே முடிவு செய்துகொள்ளலாம். அறிக்கை தரவேண்டும், ஆனால் சொன்னதைச் செய்யாவிட்டால் தண்டனை கிடையாது!

வரலாறு படிப்பது, மன்னர் பெயரையும் மாண்ட ஆண்டையும் மனப்பாடம் செய்வதற்கன்று. ஒருமுறை ஏமாந்த உலகம் மறுமுறையும் ஏமாறுகிறதா என்று ஆராய்வதற்கே வரலாறு. ஆராய்வோம்.

அணைக்கு ஓர் அளவுகோல்

கோம்பையிலே இருந்துகொண்டு குவலயத்தைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். ஆனால் இந்த ஆராய்ச்சிக்கு வேண்டிய முறை எங்கள் பள்ளத்தாக்கின் உழவனிடம்தான் இருக்கிறது.

1886-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள், திருவிதாங்கூர் மன்னருக்கும் அன்றைய ஆங்கில ஆட்சிக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. 999 ஆண்டுக் குத்தகை. 8,000 ஏக்கர் நிலம். ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய் வாடகை. நீர் தேங்கும் உயரம் இன்னது, நிலத்தின் எல்லை இன்னது, பணம் இன்னது என்று எண்ணிலே எழுதப்பட்ட ஏடு அது. வெள்ளம் வந்து தொடக்கப் பணிகளை அடித்துச் சென்றது; காய்ச்சல் தொழிலாளரைக் கொன்று குவித்தது; எனினும் பென்னி குயிக்கின் தலைமையிலே 1895-ல் முல்லைப் பெரியாறு அணை எழுந்தது. மேற்கே கடலுக்கு ஓடிய ஆறு, மலையைத் துளைத்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பிற்று. கம்பம் பள்ளத்தாக்கிலே 14,707 ஏக்கர் இருபோக நிலமாயிற்று.

அந்த ஒப்பந்தத்தில் நியாயம் எவ்வளவு, அநியாயம் எவ்வளவு என்ற வழக்கு வேறு. நான் சுட்ட விரும்புவது ஒன்றே. அணையிலே அளவுகோல் நிற்கிறது. எங்கள் ஊர் உழவன் காலையில் நாளேட்டைப் பிரித்தவுடன் அமைச்சரின் பேச்சைப் பார்ப்பதில்லை. அணையின் நீர்மட்டத்தைப் பார்க்கிறான். நீர்வரத்து எவ்வளவு, வெளியேற்றம் எவ்வளவு என்று பார்க்கிறான். 2014-ல் உச்ச நீதிமன்றம் 142 அடிவரை தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அன்று முதல் '142' என்பது எங்கள் ஊர்ச் சிறுவனுக்கும் தெரிந்த எண். மேடையிலே ஒருவர், அணை நிரம்பிவிட்டது என்று முழங்கினாலும், அளவுகோல் 115 அடி என்று காட்டினால், உழவன் நாற்றங்காலைத் தள்ளிப்போடுகிறான். சொல்லை நம்பி விதைப்பவனல்லன் அவன். அளவை நம்பி விதைப்பவன்.

இதுதான் பகுத்தறிவு! இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு வானத்தை அளப்போம் வாருங்கள்.

வானுக்கும் ஓர் அளவுகோல்

பெரியாற்று அணை எழுந்த மறு ஆண்டு, 1896-ல், சுவீடன் நாட்டிலே அரேனியஸ் என்னும் அறிவியலார் ஒரு கணக்கை வெளியிட்டார். நிலக்கரியை எரிப்பதால் வெளிவரும் கரியமில வாயு, புவியிலிருந்து வெளியேறும் வெப்பத்தைத் தடுத்து நிறுத்தும். அந்த வாயு இருமடங்காகப் பெருகினால் உலகம் பல பாகை சூடேறும் என்பது அவர் கண்ட முடிவு. அவருக்கும் முன்னே, 1856-ல் அமெரிக்கப் பெண்மணி யூனிஸ் ஃபூட், கண்ணாடிக் குழாயிலே கரியமில வாயுவை அடைத்து வெயிலில் வைத்து, அது மற்றக் காற்றினும் மிகுதியாகச் சூடேறுவதைக் கண்டு சொல்லியிருந்தார். 1859-ல் டிண்டால் அதை ஆய்வுக்கூடத்திலே அளந்து காட்டினார்.

நேற்று முளைத்த பேச்சன்று இது! எங்கள் பள்ளத்தாக்கிற்குப் பெரியாற்று நீர் வந்த காலத்திலேயே அறிவியல் தந்துவிட்ட எச்சரிக்கை.

1958-ல் சார்லஸ் கீலிங் என்னும் அமெரிக்கர், பசிபிக் கடல் நடுவே ஹவாய்த் தீவின் மவுனா லோவா மலைமீது கருவியை நிறுவிக் காற்றை அளக்கத் தொடங்கினார். ஏறத்தாழ அதே காலத்தில்தான் இங்கே லோயர் கேம்பிலே, பெரியாற்று நீரின் வீழ்ச்சியால் புகையில்லாமல் மின்சாரம் எடுக்கும் நிலையம் எழுந்தது. 1959-ல் அந்த மலையின் கருவி காட்டிய சராசரி, காற்றின் பத்து இலட்சம் பங்கில் 316 பங்கு கரியமில வாயு. தொழிற்புரட்சிக்கு முன்னே அது 280 பங்கு அளவிலே இருந்தது என்பதைப் பனிப்பாறைகளில் சிறைப்பட்ட பழங்காற்றிலிருந்து அறிந்துள்ளனர்.

அணைக்கு அளவுகோல் இருப்பதுபோல் வானுக்கும் அளவுகோல் கிடைத்துவிட்டது. இனி, மாநாட்டு மேடையில் எவர் என்ன சொன்னாலும் சரிபார்க்கலாம். பார்ப்போமா?

வாக்குகளின் வரிசை

1988: கனடாவின் டொராண்டோ நகரிலே அறிவியலாரும் ஆட்சியாளரும் கூடினர். 2005-க்குள் கரியமில வாயுவை ஐந்தில் ஒரு பங்கு குறைக்கவேண்டும் என்று அறிவித்தனர். அளவுகோல் காட்டியது 352. 2005-ஆம் ஆண்டும் வந்தது; உலகப் புகை ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததா? ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது!

1992: பிரேசில் நாட்டு ரியோ நகரம். நாட்டுத் தலைவர்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் திரண்டனர். வளர்ந்த நாடுகள், தங்கள் புகையை 2000-ஆம் ஆண்டுக்குள் 1990-ன் அளவுக்குக் கொண்டுவர முயல்வதாக ஏற்றன. அளவுகோல் காட்டியது 356.

1997: ஜப்பானின் கியோட்டோ. வளர்ந்த நாடுகள், 2008 முதல் 2012 வரையிலான காலத்தில், 1990-ஐக் காட்டிலும் சராசரியாக 5 விழுக்காடேனும் குறைப்பதாக உறுதி. அளவுகோல் காட்டியது 364. அமெரிக்கா 7 விழுக்காடு என்றது. ஆனால் அந்நாட்டு மேலவை, மாநாட்டுக்கு முன்னரே, வளரும் நாடுகளுக்குக் கடமையில்லாத ஒப்பந்தம் எதையும் ஏற்கலாகாது என்று 95-க்கு 0 என்ற கணக்கில் தீர்மானித்திருந்தது! 2001-ல் குடியரசுத் தலைவர் புஷ் கியோட்டோவையே கைவிட்டார். கனடா 6 விழுக்காடு குறைப்பதாக ஏற்றது. புகையோ குறையவில்லை, கூடிற்று. 2011-ல் கனடா, ஒப்பந்தத்தை விட்டே வெளியேறுவதாக அறிவித்தது. தேர்வில் தோற்ற மாணவன் மதிப்பெண் பட்டியலைக் கிழித்தெறிந்த கதை!

கியோட்டோவில் நிலைத்து நின்ற நாடுகளை மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் இலக்கு எட்டப்பட்டதே என்று சிலர் வாதாடுவர். ஆம், எட்டப்பட்டது. ஆனால் எப்படி? 1991-ல் சோவியத் ஒன்றியம் சிதறிற்று. கிழக்கு ஐரோப்பாவின் ஆலைகள் அடைபட்டன. வேலையிழந்தோர் வீதியில் நின்றனர். 2008-ல் பொருளாதார வீழ்ச்சி வந்தது. குறைந்த புகையில் பெரும்பகுதி அந்தச் சரிவுகளின் பரிசு. நோயால் மெலிந்தவனை நோன்பால் மெலிந்தவன் என்று போற்றுவதா?

2009: டென்மார்க்கின் கோபன்ஹேகன். 2020 முதல், ஏழை நாடுகளுக்கு ஆண்டுதோறும் 10,000 கோடி டாலர் திரட்டித் தருவோம் என்றனர் செல்வ நாட்டார். அளவுகோல் காட்டியது 388. பணம் 2020-ல் வந்து சேர்ந்ததா? இல்லை. செல்வ நாடுகளின் பொருளாதார அமைப்பு தானே எழுதிய கணக்கின்படி, அந்தத் தொகை எட்டப்பட்டது 2022-ல்தான். அதிலும் பெரும்பகுதி கடன்! வீட்டைக் கொளுத்தியவன், வாளி வாங்க வட்டிக்குப் பணம் தருகிறான். தந்ததையும் தருமம் என்கிறான்!

2015: பாரீஸ். அளவுகோல் காட்டியது 401. அமெரிக்கா சேர்ந்தது; 2020-ல் விலகிற்று; 2021-ல் திரும்பிற்று; 2025 சனவரியில் மீண்டும் விலகும் ஆணை பிறந்தது. வாயிற்கதவா, வாக்குறுதியா என்று ஐயுறத் தோன்றுகிறது!

2021: கிளாஸ்கோ. 2023: துபாய், நிலக்கரி, எண்ணெய் முதலியவற்றிலிருந்து மாறிச் செல்வோம் என்று முதன்முறையாக எழுதினர். 2025: பிரேசிலின் பெலெம்; அந்த மாற்றத்திற்கு வழித்திட்டம் வேண்டும் என்று பல நாடுகள் வற்புறுத்தின, இறுதி ஏட்டிலே அது இடம்பெறவில்லை. இதற்கிடையே 2024-ல் அளவுகோல் காட்டியது 424-க்கும் மேல்.

352, 356, 364, 388, 401, 424! மாநாட்டுக்கு மாநாடு ஏறிய படிக்கட்டு இது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அதை மறைத்தல் அறிவுடைமையன்று. அணைக்கு வரும் நீர் சற்றுக் குறைந்த அளவிலேயே நீர்மட்டம் இறங்கிவிடாது. வரத்து, வெளியேற்றத்தைக் காட்டிலும் குறைந்தால்தான் இறங்கும். அதுபோலவே, புகை சற்றே குறைந்தாலும் வானத்தின் அளவுகோல் ஏறத்தான் செய்யும். ஆகவே அளவுகோல் ஏறியதை மட்டும் கொண்டு எல்லாரையும் பொய்யர் என்றுவிடலாகாது. சரி, வரத்தையே பார்ப்போம். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு முதலியவற்றால் உலகம் வெளியிட்ட கரியமில வாயு, 1990-ல் சுமார் 2,270 கோடி டன். 2024-ல் 3,700 கோடி டன்னையும் கடந்தது. வரத்தே பெருகியிருக்கிறது!

சொல்லுக்கும் செயலுக்கும் உள்ள இந்த இடைவெளியை ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2010 முதல் ஆண்டுதோறும் அளந்து வெளியிடுகிறது. 2025-ன் அறிக்கை கூறுவது என்ன? நாடுகள் தந்த வாக்குகள் முழுவதும் நிறைவேறினாலும் இந்நூற்றாண்டில் வெப்பம் 2.3 முதல் 2.5 பாகை ஏறும். இன்று நடைமுறையில் உள்ள கொள்கைகளின்படியோ 2.8 பாகை! ஏட்டிலே 1.5, எழுதித் தந்த வாக்கிலே 2.3-க்கு மேல், நடப்பிலே 2.8. பேச்சு ஒன்று, எழுத்து ஒன்று, செயல் மற்றொன்று. 2024-ஆம் ஆண்டின் சராசரி வெப்பம், அந்த 1.5 பாகை எல்லையைத் தனியோர் ஆண்டாக முதன்முறை தாண்டியும் விட்டது.

நம் வீட்டுக் கணக்கு

பிறர் முதுகின் அழுக்கைப் பேசினோம். நம் முதுகையும் பார்க்கவேண்டும்.

முதலில் நியாயத்தைக் கூறிவிடுகிறேன். தொழிற்புரட்சி தொட்டு இதுவரை வானில் ஏறிய எரிபொருட் புகையில், அமெரிக்கா ஒன்றின் பங்கே ஏறத்தாழ கால் பகுதி. இந்தியாவின் பங்கு நூற்றுக்கு மூன்று, நான்கு என்ற அளவே. இன்றும் அமெரிக்கர் ஒருவர் ஆண்டுக்குச் சுமார் 14 டன் வெளிவிடுகிறார். இந்தியர் ஒருவர் சுமார் 2 டன். விறகடுப்பிலே கண் எரிய ஊதும் தாயையும், தனி வானூர்தியிலே பறக்கும் செல்வரையும் ஒரே தட்டில் நிறுத்துவது நீதியன்று. 1972-ல் ஸ்டாக்ஹோம் மாநாட்டிலேயே இந்திரா காந்தி, வறுமையை மறந்து சூழலைப் பேசலாகாது என்று எடுத்துரைத்தார். அந்த வாதம் இன்றும் செல்லும்.

ஆனால் நீதி நம் பக்கம் இருக்கிறது என்பதற்காகக் கணக்கை மூடி வைக்கலாமா?

2015-ல் இந்திய அரசு, 2022-க்குள் 1,75,000 மெகாவாட் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்று இலக்கு வைத்தது. 2022 முடிந்தபோது நின்றது சுமார் 1,20,000 மெகாவாட். சிறு சாதனையன்று, பாராட்டுவோம். ஆனால் இலக்குக்கும் நிலைக்கும் இடையே 55,000 மெகாவாட் பள்ளம் இருந்ததையும் பதிவு செய்வோம்.

2009-ல் ஒரு வாக்கு: நாட்டு வருமானத்தின் ஒவ்வொரு ரூபாய்க்கும் வெளிவிடும் புகையின் அளவை, 2005-ஐ ஒப்பிட, 2020-க்குள் 20 முதல் 25 விழுக்காடு குறைப்போம் என்பது. அது நிறைவேறிற்று, சொன்னதைக் காட்டிலும் மிகுதியாகவே குறைந்தது. 2022-ல் அந்த இலக்கு, 2030-க்குள் 45 விழுக்காடு என உயர்த்தப்பட்டது. நன்று! ஆனால் இந்த வாக்கின் உட்பொருளை விளங்கிக்கொள்ள வேண்டும். ஒருவன் நாளைக்குப் பத்து ரூபாய் ஈட்டி ஐந்து ரூபாய்க்குக் குடித்தான். பின்னர் நூறு ரூபாய் ஈட்டி முப்பது ரூபாய்க்குக் குடிக்கிறான். 'முன்னே வருமானத்தில் பாதியைக் குடித்தேன். இப்போது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. குடியைக் குறைத்துவிட்டேன்' என்கிறான். விழுக்காட்டுக் கணக்கு பொய்யன்று. ஆனால் அவன் ஈரல் விழுக்காட்டையா பார்க்கும்? கலயத்தை அல்லவா எண்ணும்! 2005-ல் இந்தியா எரிபொருள் முதலியவற்றால் வெளிவிட்ட கரியமில வாயு சுமார் 120 கோடி டன். 2023-ல் சுமார் 300 கோடி டன். விகிதம் இறங்கிற்று, புகை ஏறிற்று. வானம் விகிதம் அறியாது. டன்னை மட்டுமே அறியும்.

மற்றொரு வாக்கு: மின் நிலையங்களின் மொத்தத் திறனில் பாதியை, 2030-க்குள், நிலக்கரி போன்றவை அல்லாத வழிகளில் அமைப்போம் என்பது. 2025-ன் நடுவிலேயே, ஐந்தாண்டு முன்னதாக, அது எட்டப்பட்டது. மகிழ்வோம்! ஆனால் திறன் வேறு, விளைச்சல் வேறு என்பதைத் தேனி மாவட்டத்தாருக்கு எடுத்துச் சொல்லவும் வேண்டுமா? தென்மேற்குக் காற்று வீசும் திங்கள்களில் சுழன்று சுழன்று ஆடும் காற்றாலை, தையிலும் மாசியிலும் தவம் செய்யும் முனிவரைப்போல் நிற்பதைக் காண்கிறோமே! பத்து ஏர் வைத்திருப்பவன் பத்து ஏரும் உழுவதாகச் சொல்ல முடியுமா? நாட்டில் நாள்தோறும் உண்டாகும் மின்சாரத்தில் 70 விழுக்காட்டுக்கு மேல் நிலக்கரியே தந்துகொண்டிருந்தது. 2005-06-ல் நாம் தோண்டிய நிலக்கரி சுமார் 40 கோடி டன். 2024-25-ல் 100 கோடி டன்னைத் தாண்டிற்று. அதையும் ஒரு வெற்றி விழாவாகவே கொண்டாடினோம்! ஒரே வாயால் கதிரவனை வாழ்த்துவது. மறு வாயால் கரியைப் போற்றுவது.

தமிழ்நாட்டையும் விட்டுவைக்க வேண்டாம். காற்றாலையில் இந்தியாவுக்கு வழிகாட்டிய நாடு இது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம் ஆகிய கணவாய்களின் காற்றை அறுவடை செய்து, 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைகளை நிறுவிய பெருமை நமக்குண்டு. 2070-க்கு முன்பே கரிமச் சமநிலையை எட்டுவோம் என்று மாநில அரசு அறிவித்தும் இருக்கிறது. அதே தமிழ்நாட்டில், 2024 மார்ச்சில், வடசென்னையிலே 800 மெகாவாட் புதிய நிலக்கரி அனல் மின் நிலையம் தொடங்கி வைக்கப்பட்டது. அனல் நிலையம் ஒன்று எழுந்தால் பல பத்தாண்டு எரியும். 2070 என்ற ஆண்டை இன்று கூறுவோருள் எத்தனை பேர் அன்று பதில் சொல்ல இருப்பர்? இன்று ஐந்தாம் வகுப்பில் படிக்கும் எங்கள் ஊர்ச் சிறுமிக்கு அன்று ஐம்பத்தைந்து வயதாகியிருக்கும். கடன்பத்திரத்தில் கையெழுத்து ஒருவருடையது, கட்டவேண்டியவர் மற்றொருவர்!

வாக்கைக் காத்தவர் உளரா?

உளர் தோழர்களே, உளர்! இல்லையென்று சொல்வது சோம்பேறியின் தத்துவம்.

1987-ல் மாண்ட்ரியால் நகரிலே ஓர் ஒப்பந்தம் எழுந்தது. கதிரவனின் கொடுங்கதிரைத் தடுக்கும் ஓசோன் படலத்தை அரித்துவந்த குளிர்பதன வாயுக்களை ஒழிப்பதற்காக அது எழுந்தது. எந்தப் பொருள், எந்த ஆண்டுக்குள், எவ்வளவு என்று பட்டியல் இருந்தது. சேராத நாட்டோடு அந்தப் பொருளில் வணிகமில்லை என்ற கட்டு இருந்தது. ஏழை நாடுகள் மாற்றுப் பொருளுக்குச் செல்ல நிதியும் பின்னர்ச் சேர்ந்தது. விளைவு? அந்த வாயுக்களில் ஏறத்தாழ முழுவதும் ஒழிந்தன. ஓசோன் படலம் மெல்ல ஆறிவருகிறது.

இங்கிலாந்தைப் பாருங்கள். நிலக்கரி யுகத்தையே தொடங்கி வைத்த நாடு. 1882-ல் இலண்டன் மாநகரின் ஹோல்பர்ன் பகுதியிலே, பொதுமக்களுக்கு மின்சாரம் தரும் நிலக்கரி நிலையத்தை எழுப்பியது. 2008-ல் அங்கே ஒரு சட்டம் இயற்றினர்: ஐந்தாண்டுக்கு ஒருமுறை புகைக்கு வரம்பு, அதைக் கண்காணிக்க ஆட்சியாளரின் கட்டளைக்கு உட்படாத தனிக் குழு, அக்குழுவின் அறிக்கைக்கு நாடாளுமன்றத்திலே விடையளிக்கும் கடமை. 2012-ல் அந்நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு நிலக்கரியிலிருந்து வந்தது. 2024 செப்டம்பர் 30-ஆம் நாள் கடைசி நிலக்கரி நிலையமும் மூடப்பட்டது. அந்நாடு தனக்கு வேண்டிய சரக்குகளைப் பிற நாட்டு ஆலைகளில் செய்வித்து இறக்குமதி செய்கிறது, அந்தப் புகை அதன் கணக்கிலே ஏறுவதில்லை என்பதும் உண்மைதான். ஆயினும் நிலக்கரி நிலையங்கள் மூடப்பட்டது உண்மையே.

கெல்லாக் ஒப்பந்தம் தோற்றது, மாண்ட்ரியால் வென்றது. காரணம் நல்லெண்ணத்தின் அளவன்று. முன்னதிலே அளவும் இல்லை, கெடுவும் இல்லை, கேட்பாரும் இல்லை. பின்னதிலே மூன்றும் இருந்தன.

நமக்கென்ன என்று கேட்போர்க்கு

நமக்கென்ன என்று கேட்போர் நம்மிடையே உளர். கோம்பையின் மேற்கே நிமிர்ந்து நிற்கும் மலையைக் காட்டி அவர்க்கு விடை கூறுவேன். அந்த மலைக்கு அப்பால் ஏலத்தோட்டம். விடியுமுன்னே எங்கள் பகுதிப் பெண்கள் ஜீப்பிலே நெருங்கியடித்து ஏறி, மலை கடந்து சென்று, மாலையிலே கூலியோடு திரும்புகின்றனர். ஏலச்செடி நிழலிலும் ஈரத்திலும் வாழும் செடி. 2024-ன் கோடையிலே கடும் வெயிலும் வறட்சியும் வந்தன; ஏலத்தோட்டங்கள் பெருமளவு கருகின. தோட்டக்காரருக்கு நட்டம், ஜீப்பில் ஏறும் பெண்ணுக்கோ வேலையே இல்லை. பாரீஸிலே ஒப்பமிட்டவர் எவரும் அவள் வீட்டு அடுப்பைப் பார்க்க வரவில்லை.

மலைக்கு இப்பால் நெல். ஜூன் முதல் நாள் முதல்போகத்திற்கு நீர் திறக்கும் வழக்கம். அணையிலே நீர் போதாத ஆண்டுகளில் அந்த நாள் தள்ளிப்போயிருக்கிறது. 18-ஆம் கால்வாயை நம்பிக் காத்திருக்கும் கண்மாய்களுக்கு நீர் வருவது அதன் பின்னர்தான். ஓர் ஆண்டின் மழை பொய்த்ததை முழுவதும் புவிவெப்பத்தின் தலையில் சுமத்துவது அறிவியலன்று. மழை முன்னரும் பொய்த்ததுண்டு. ஆனால் வெப்பம் ஏற ஏற, பெய்தால் பேய்மழை, பொய்த்தால் பெருவறட்சி என்னும் போக்கு வலுக்கும் என்று அறிவியலார் கூறுகின்றனர். ஒரு போகத்தை நம்பிக் கடன் வாங்கியவனுக்கு அந்த வேறுபாடு வாழ்வா சாவா என்ற வேறுபாடு.

நாம் விடும் புகை சிறிது. நாம் அடையும் துன்பம் பெரிது. ஆகவே கேள்வி கேட்கும் உரிமை மற்ற எவரையும்விட நமக்கே மிகுதி!

கேட்கவேண்டிய மூன்று

மழைக்காகக் கழுதைக்குத் திருமணம் செய்து வைத்தால் நாம் நகைக்கிறோம். யாகப் புகை மேகமாகாது என்று விளக்குகிறோம். நன்று. ஆனால் மாநாட்டு மேடையிலே இரண்டாயிரத்து எழுபது, இரண்டாயிரத்து எழுபது என்று ஓதப்படும் புதிய மந்திரத்தைக் கேட்டு மெய்ம்மறந்து கைதட்டினால், பழைய மந்திரத்தைப் பழிக்கும் தகுதி நமக்கேது? ஓதுவோர் கோட்டும் சூட்டும் அணிந்திருப்பதால் மந்திரம் அறிவியலாகிவிடுமா?

எனவே, எந்தக் கட்சி வந்து எந்த மேடையிலே பசுமை பேசினாலும் மூன்றைக் கேளுங்கள். எவ்வளவு டன் — விழுக்காடு வேண்டா, டன் சொல்லுங்கள். எந்த ஆண்டுக்குள் — உங்கள் பதவிக் காலத்திற்குள் எவ்வளவு என்று சொல்லுங்கள். அளப்பவர் எவர் — உங்கள் கட்டளைக்கு உட்படாதவரா என்று சொல்லுங்கள். இம்மூன்றுக்கும் விடையிருந்தால் அது திட்டம். இல்லையென்றால் ஏட்டுச் சுரைக்காய், கறிக்கு உதவாது.

இன்னும் ஒன்று. ஊர்தோறும் படிப்பகம் வைத்திருக்கிறோம். அங்கே கரும்பலகை தொங்குகிறது. பெரியாற்று அணை நீர்மட்டத்தை அதில் எழுதிப் போடும் இளைஞர்கள், அதன் கீழே திங்களுக்கு ஒருமுறை இரண்டு எண்களைச் சேர்த்து எழுதட்டும். மவுனா லோவாவின் அளவு ஒன்று. இந்தியா அந்தத் திங்களில் தோண்டிய நிலக்கரியின் அளவு மற்றொன்று. இரண்டும் வெளிப்படையாகக் கிடைக்கும் எண்களே. நீர்மட்டம் பார்க்க வரும் உழவர், இது என்ன கணக்கு என்று கேட்பார். சொல்லுங்கள். ஜீப்பிலிருந்து இறங்கிவரும் பெண்கள் கேட்பார்கள், அவர்களுக்கும் சொல்லுங்கள். 142-ஐ அறிந்த மக்கள் 424-ஐ அறிய எத்தனை நாளாகும்?

மக்கள் எண்ணறிந்துவிட்டால், வெறும் வாக்கோடு ஊருக்குள் வருவோர் விடை சொல்லாமல் திரும்ப முடியாது. அந்தக் கரும்பலகைக்கு வேண்டியது ஒரு துண்டுச் சுண்ணாம்புக்கட்டிதான். இந்த வாரமே எழுதத் தொடங்குங்கள்!